குவார்க்கு சென்ற திசை

மின்சாரத்துக்கும் ஒரு சில்லறைக் காசு உண்டு. ஓர் எலெக்ட்ரான் தாங்கியிருக்கும் மின்னூட்டமே அந்தக் காசு. அமெரிக்கப் பௌதிக அறிஞர் மில்லிகன், நுண்ணிய எண்ணெய்த் துளிகளை இரண்டு மின்தகடுகளுக்கிடையே மிதக்கவிட்டு அதன் மதிப்பை அளந்தார். சில துளிகளில் ஒரு காசு, சிலவற்றில் இரண்டு, வேறு சிலவற்றில் பத்து என்று முழுக் காசுகளாகவே மின்னூட்டம் அமைந்துள்ளது என்பது அவர் கண்ட முடிவு. புரோட்டானிடம் இருப்பதும் அதே ஒரு காசுதான். குறி மட்டுமே வேறு.

1964-ஆம் ஆண்டில் கெல்மான், ஸ்வைக் என்னும் இருவர், ஒருவரையொருவர் சாராமல், இந்தக் காசை மூன்றாக உடைத்துவிட்டனர். புரோட்டானும் நியூட்ரானும் தனிப்பொருள்கள் அல்ல, ஒவ்வொன்றும் மும்மூன்று குவார்க்குகளால் ஆனவை என்பது அவர்கள் கொள்கை. ‘அப்’ என்னும் வகைக் குவார்க்குக்கு மூன்றில் இரண்டு பங்கு நேர்மின்னூட்டம். ‘டவுன்’ என்னும் வகைக்கு மூன்றில் ஒரு பங்கு எதிர்மின்னூட்டம். இரண்டு அப்பும் ஒரு டவுனும் சேர்ந்தால் புரோட்டான். ஓர் அப்பும் இரண்டு டவுனும் சேர்ந்தால் நியூட்ரான். கணக்கைக் கூட்டிப் பாருங்கள். முன்னதற்கு ஒன்றும் பின்னதற்குச் சுழியும் வரும். இவையன்றி ஸ்ட்ரேஞ்ச், சார்ம், பாட்டம், டாப் என்னும் விந்தையான பெயர்களோடு மேலும் நான்கு வகைகள் உண்டு. சார்மும் டாப்பும் அப்பின் மின்னூட்டம் உடையவை; ஸ்ட்ரேஞ்சும் பாட்டமும் டவுனைப் போன்றவை.

கொள்கை அழகியதே. ஆனால் மூன்றில் ஒரு பங்குக் காசைக் கண்ணால் கண்டவர் யார்? ஒருவரும் இல்லை. குவார்க்கு ஒன்றைத் தனியே பிரித்து இழுக்க முயன்றால், இழுக்கும் சக்தியே புதிய குவார்க்கும் எதிர்க்குவார்க்குமாக உருமாறி அதனோடு ஒட்டிக்கொள்கிறது. கடைசியில் நம் கருவிகளுக்கு எட்டுவன முழுக் காசு மின்னூட்டமுடைய துகள்களும், மின்னூட்டமே அற்றவையும்தாம். இவ்வாறு மறைந்தே வாழும் ஒன்றின் மின்னூட்டம் நேரா எதிரா என்றும், அது பிறந்தவுடன் எத்திசை நோக்கிச் சென்றது என்றும் எங்ஙனம் அளந்தனர் என்பதே நாம் இங்குக் காண விருப்பது.

எலெக்ட்ரானும் அதன் எதிர்த்துகளாகிய பாசிட்ரானும் நேருக்கு நேர் மோதினால் இரண்டும் அழிந்து, அவற்றின் சக்தியிலிருந்து புதிய இணை ஒன்று பிறக்கும். அது ஒரு குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்குமாக இருக்கலாம். இவ்வாறு குவார்க்குகள் எத்தனை முறை பிறக்கின்றன என்று எண்ணினாலே அவற்றின் மின்னூட்டம் குறித்து ஒரு செய்தி கிடைக்கும். ஏனெனில் பிறக்கும் வாய்ப்பு மின்னூட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மூன்றில் இரண்டின் வர்க்கம் ஒன்பதில் நான்கு. மூன்றில் ஒன்றின் வர்க்கம் ஒன்பதில் ஒன்று. இவ்வெண்ணிக்கை 1970-களிலேயே கொள்கையோடு பொருந்திற்று. ஆயினும் வர்க்கத்தில் ஒரு குறை உண்டு. நேரெண்ணை வர்க்கித்தாலும் எதிரெண்ணை வர்க்கித்தாலும் விடை நேரெண்ணே, குறி தொலைந்துவிடுகிறது. தொலைந்த குறியைத் தேட வேறு வழி வேண்டும்.

அவ்வழி திசையில் இருக்கிறது. எலெக்ட்ரான் கிழக்கு நோக்கியும் பாசிட்ரான் மேற்கு நோக்கியும் வந்து மோதுகின்றன என்று கொள்வோம். எலெக்ட்ரான் சென்ற திசையை ‘முன்’ என்றும் மற்றதைப் ‘பின்’ என்றும் அழைப்போம். பிறக்கும் குவார்க்கு முன்னே போகுமா, பின்னே போகுமா? மின்காந்த விசை மட்டும் செயற்பட்டால் இரண்டிற்கும் வாய்ப்பு ஒன்றே. அவ்விசைக்கு இடமென்றும் வலமென்றும் வேறுபாடு தெரியாது. ஆனால் கதிரியக்கத்துக்குக் காரணமான மெல்விசை அத்தகையதன்று. அது இடமும் வலமும் பார்த்து நடக்கக் கூடும் என்று 1956-இல் லீ, யாங் ஆகிய இருவரும் எழுதினர். 1957-இல் வூ அம்மையார் தம் பரிசோதனையில் அதை மெய்ப்பித்தார். அம்மெல்விசையைச் சுமந்து செல்லும் துகள்களுள் ஒன்று இசட் எனப்படுவது. 1983-இல் ஜெனீவா நகரத்தை அடுத்த செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் அது கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன்பே ஹாம்பர்க் நகரத்துப் பெட்ரா வளையத்தில், மோதலில் பிறந்த மியூவான் இணைகள் முன்னும் பின்னும் சமமாகச் செல்லாதது கண்டு, இசட்டின் நிழல் விழுந்திருப்பதை அறிஞர்கள் உணர்ந்திருந்தனர். ஆளைக் காணுமுன் நிழலைக் கண்டது பெரிய செய்தியே.

இடவல வேறுபாடு எவ்வாறு முன்பின் வேறுபாடாக மாறுகிறது என்பதைச் சற்றுப் பொறுமையுடன் நோக்குதல் வேண்டும். எலெக்ட்ரானும் குவார்க்கும் பம்பரம்போல் தற்சுழற்சி உடையவை. செல்லும் திசையோடு சேர்த்துப் பார்த்தால் அச்சுழற்சி வலக்கைத் திருகாணியை ஒத்தோ இடக்கைத் திருகாணியை ஒத்தோ இருக்கும். இடக்கை எலெக்ட்ரானும் வலக்கைப் பாசிட்ரானும் எதிரெதிரே வந்து மோதும்போது இரண்டின் சுழற்சியும் ஒரே பக்கமாகச் சேர்ந்து நிற்கும். அச்சுழற்சி அழியக்கூடாது. அதனைக் காத்துக்கொண்டு இடக்கைக் குவார்க்கு ஒன்று பிறக்க வேண்டுமாயின், அது எலெக்ட்ரான் சென்ற திசையில் செல்வதே எளிது. நேர் பின்புறம் செல்வது இயலவே இயலாது. வலக்கை எலெக்ட்ரான் வந்திருந்தால், இடக்கைக் குவார்க்குக்கு நிலைமை தலைகீழ்.

இசட் துகள் இடக்கையை விரும்புவது. ஆனால் எல்லாத் துகள்களிடமும் ஒரே அளவாக விரும்புவதில்லை. எலெக்ட்ரானிடத்தில் அவ்விருப்பம் மிகச் சிறியது: நூற்றுக்கு ஏறத்தாழ 57 இடக்கை, 43 வலக்கை. பாட்டம் குவார்க்கிடத்திலோ 97-க்கு 3. ஆகவே இசட் பிறக்கும்போது சற்றே சாய்ந்த தராசு, அது சிதைந்து பாட்டம் குவார்க்காகும்போது பெரிதும் சாய்கிறது. இரு சாய்வுகளையும் பெருக்கி, எல்லாக் கோணங்களுக்குமாகச் சேர்த்துக் கணக்கிட்டால், நூறு பாட்டம் குவார்க்குகளில் ஏறத்தாழ 55 முன்னே செல்லும்; 45 பின்னே செல்லும். இதனையே முன்–பின் சமச்சீரின்மை என்பர். 55-க்கும் 45-க்கும் உள்ள வேறுபாடு பத்து. ஆகவே சமச்சீரின்மை நூற்றுக்குப் பத்து.

இவ்வளவு பாடுபட்டு அந்தப் பத்தை அளப்பானேன் என்று நீங்கள் கேட்கலாம். மின்காந்த விசையும் மெல்விசையும் ஒன்றோடொன்று கலந்திருக்கின்றன என்பது கிளாஷோ, சலாம், வைன்பர்க் ஆகிய மூவரும் 1979-இல் நோபல் பரிசு பெற்ற கொள்கை. கலப்பின் அளவைக் குறிப்பது ஒரு கோணம். வைன்பர்க்கின் பெயரால் வழங்குவது. அக்கோணத்தின் சைனை வர்க்கித்தால் வருவது 0.23-ஐ ஒட்டிய ஓர் எண். அது சரியாக நான்கில் ஒன்றாக, அதாவது 0.25 ஆக இருந்திருந்தால், எலெக்ட்ரானிடம் இசட்டுக்குள்ள இடக்கை விருப்பம் முற்றும் மறைந்துபோயிருக்கும். இருப்பது அதற்கு வெகு அருகில். ஆகவே அவ்வெண் இம்மியளவு மாறினாலும் எலெக்ட்ரானின் சாய்வு கணிசமாக மாறும். குவார்க்கின் 55-க்கு 45-ம் உடன் மாறும். ஒரு வேடிக்கையை இங்கே கவனியுங்கள். அளப்பது குவார்க்கு, ஆனால் கிடைக்கும் விடை பெரும்பாலும் எலெக்ட்ரானைப் பற்றியது. பாட்டம் குவார்க்கு இங்கே ஒரு பூதக்கண்ணாடியாகவே பயன்படுகிறது.

இந்த அளவைக்கென்றே அமைந்தது போன்ற பொறி ஒன்று செர்ன் நிலையத்தில் 1989-இல் இயங்கத் தொடங்கியது. லெப் என்று பெயர். பூமிக்கடியில் ஏறத்தாழ 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்க வளையம். அதில் எதிரெதிராகச் சுழன்ற எலெக்ட்ரான், பாசிட்ரான் கற்றைகள் நான்கு இடங்களில் மோதின. அந்நான்கிலும் அலெஃப், டெல்ஃபி, எல்3, ஓபல் என்னும் மாபெருங் கருவிகள் காவல் இருந்தன. எல்3 குழுவில் மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தாரும் பங்கு கொண்டிருந்தனர். ஒவ்வொரு கற்றையிலும் துகளுக்கு ஏறத்தாழ 4,550 கோடி எலெக்ட்ரான்-வோல்ட் சக்தி. இரண்டும் சேர்ந்தால் ஓர் இசட்டைப் படைக்கச் சரியாகப் போதும். 1995 வரையில் நான்கு கருவிகளும் சேர்ந்து பதிவு செய்த இசட்டுகள் ஏறத்தாழ ஒரு கோடியே எழுபது இலட்சம்.

சக்தி சிறிது பிசகினாலும் சமச்சீரின்மை மாறிவிடும். ஆதலின் கற்றையின் சக்தியை விடாது கண்காணித்தனர். அப்போது தெரியவந்த இரண்டு செய்திகளைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. கடலைப் பொங்கச் செய்யும் சந்திரன் தரையையும் சற்றே உயர்த்துகிறது. அதனால் வளையத்தின் சுற்றளவு ஒரு மில்லிமீட்டர் அளவில் நீண்டு சுருங்கிற்று. கற்றையின் சக்தியும் உடன் அசைந்தது. மற்றொன்று ரயில். ஜெனீவாவிலிருந்து பாரிஸ் நோக்கிச் செல்லும் விரைவு மின்வண்டியின் மின்னோட்டத்தில் ஒரு பகுதி தண்டவாளத்திலிருந்து மண்ணில் கசிந்து, வளையத்தின் குழாய் வழியே ஓடிக் காந்தங்களைச் சிறிது மாற்றிக்கொண்டிருந்தது! 1995-இல் அதனையும் கண்டுபிடித்துக் கணக்கில் சேர்த்தனர்.

இனிக் குவார்க்கைத் தேடுவோம். இசட் சிதைந்து பிறந்த குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் எதிரெதிரே பாய்கின்றன. ஒவ்வொன்றும் நொடிப்பொழுதினும் மிகச் சிறிய நேரத்தில் ஒரு துகட்கூட்டமாகிவிடுகிறது. நீர்த்தாரை போல் ஒரே பக்கம் பீறிட்டுச் செல்லும் அக்கூட்டத்தைத் தாரை என்போம். இரு தாரைகளிலும் சேர்த்துச் சராசரியாக இருபத்தொரு மின்னூட்டத் துகள்கள் இருக்கும். கருவியின் காந்தப் புலத்தில் அவை வளைகின்றன. வளையும் பக்கம் மின்னூட்டத்தின் குறியைச் சொல்லும். வளைவின் அளவு உந்தத்தைச் சொல்லும்.

தாரையிலுள்ள மின்னூட்டங்களை எல்லாம் கூட்டினால் குவார்க்கின் மின்னூட்டம் வந்துவிடுமா? வராது. மெதுவாகச் செல்லும் துகள்கள் எந்தத் தாரைக்கு உரியவை என்பதே ஐயம். அவை இரு குவார்க்குகளுக்கும் இடையே பிறந்தவை. ஒரு கட்சியின் ஊர்வலத்தை எண்ணிப் பாருங்கள். முன்வரிசையில் கொடி பிடித்து விரைந்து வருவோர் கட்சியினர். கடைசியில் ஆடி அசைந்து வருவோரில் பாதிப்பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். ஊர்வலம் யாருடையது என்று அறிய முன்வரிசைக்கே மதிப்பு மிகுதியாகத் தரவேண்டும். அதுபோல ஒவ்வொரு துகளின் மின்னூட்டத்தையும் அதன் உந்தத்துக்கேற்ற எடையோடு பெருக்கிக் கூட்டினர். இவ்வழியை 1978-இல் ஃபீல்டும் ஃபெயின்மனும் எடுத்துரைத்திருந்தனர். இவ்வாறு வரும் எண் ‘தாரை மின்னூட்டம்’ எனப்படும்.

உண்மையைச் சொல்லப்போனால், தனித்த ஒரு நிகழ்ச்சியில் இது நம்பத்தக்க சாட்சியன்று. நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேலானது, அவ்வளவே. அப்படியானால் இச்சாட்சி எத்தனை முறை உண்மை கூறுகிறது என்பதையாவது நாம் அறிந்திருக்க வேண்டும். யாரைக் கேட்பது? இங்கேதான் இந்த அளவையின் நுட்பமெல்லாம் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். ஒரு பக்கம் குவார்க்கு என்றால் மறுபக்கம் எதிர்க்குவார்க்கு என்பது உறுதி. ஆகவே இரு தாரைகளும் ஒரே செய்திக்கு இரண்டு சாட்சிகள். ஒருவரோடொருவர் கலந்து பேசாதவர்கள். எடுத்துக்காட்டாக, ஒவ்வொரு சாட்சியும் நூற்றுக்கு எழுபது முறை உண்மை கூறுபவர் என்று கொள்வோம். இருவரும் உண்மை கூறுவது 49 முறை; இருவரும் பொய் கூறுவது 9 முறை; ஆக 58 முறை அவர்கள் கூற்று ஒத்துப்போகும். இதைத் திருப்பிப் படியுங்கள். ஒத்துப்போவது 58 முறை என்று நாம் எண்ணிக் கண்டால், ஒவ்வொருவரும் எழுபது முறை உண்மை கூறுபவர் என்று, உண்மை இன்னதென்றே அறியாமல், முடிவு கட்டிவிடலாம்! பரிசோதனையே தன் தராசைத் தானே சரிபார்த்துக்கொள்கிறது.

அந்த எழுபது தெரிந்த பின்னர்த் திருத்தம் எளிது. உண்மையில் 55-க்கு 45 என்றிருப்பது, முப்பது விழுக்காட்டுப் பொய்யால், நம் கண்ணுக்கு 52-க்கு 48 என்று மங்கித் தோன்றும். மங்கிய அளவை அறிந்திருந்தால் மூலத்தை மீட்கலாம். பதினாயிரம் நிகழ்ச்சிகளை மட்டும் வைத்துக்கொண்டால், தற்செயலால் வரும் ஊசலாட்டமே நூற்றுக்கு ஒன்று இருக்கும். நாம் தேடுவதோ நூற்றுக்கு நான்கு. இலட்சக்கணக்கில் நிகழ்ச்சிகள் ஏன் தேவைப்பட்டன என்பது இப்போது விளங்கும்.

இன்னுமொரு தொல்லை. பாட்டம் போன்ற எதிர்மின் குவார்க்குகள் மிகுதியும் முன்னே செல்கின்றன. சார்ம் போன்ற நேர்மின் குவார்க்குகளும் மிகுதியும் முன்னேதான் செல்கின்றன. எனவே எல்லா வகைகளையும் ஒன்றாகக் கலந்து ‘முன்பக்கத்து மின்னூட்டம் என்ன?’ என்று கேட்டால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, எலெக்ட்ரான் காசில் நூற்றில் ஒரு பங்கு அளவே எதிர்மின் பக்கம் எஞ்சும். கலப்பாகவே அதனை அளந்து கோணத்தைக் கண்டதும் உண்டு. எனினும் கூர்மையான விடை வேண்டுமாயின் ஒரு வகையைத் தனியே பொறுக்கவேண்டும். அதற்கும் பாட்டமே வசதியானது. அதைத் தாங்கிய துகள் ஏறத்தாழ ஒன்றரைப் பிகோ நொடி, அதாவது ஒரு நொடியின் இலட்சங்கோடியில் ஒன்றரைப் பங்கு நேரம் வாழ்ந்து, மூன்று மில்லிமீட்டர் அளவு சென்று சிதைகிறது. மோதல் நிகழ்ந்த இடத்தை விட்டு விலகிய அச்சிதைவிடத்தைச் சிலிக்கான் தகடுகள் காட்டிக்கொடுத்தன.

தாரை மின்னூட்டத்தோடு வேறொரு வழியும் கையாளப்பட்டது. பாட்டம் குவார்க்கு சிதையும்போது சில வேளைகளில் எலெக்ட்ரானையோ எதிர்மின் மியூவானையோ வெளியிடும்; அதன் குறியைப் பார்த்தால் பிறந்தது குவார்க்கா எதிர்க்குவார்க்கா என்று தெரியும். தெளிவான சாட்சிதான், ஆனால் அரிதாகவே கிட்டும். பாட்டம் முதலில் சார்மாகி, அந்தச் சார்ம் சிதைந்து தந்ததாயின் குறி தலைகீழாகிவிடும். போதாக்குறைக்கு, மின்னூட்டமற்ற பி மீசான் தன் எதிர்த்துகளாகத் தானே மாறிவிடும் இயல்புடையது என்பதை 1987-இல் ஹாம்பர்க்கின் ஆர்கஸ் குழுவினர் கண்டிருந்தனர். சாட்சி நீதிமன்றத்துக்கு வரும் வழியிலேயே ஆள் மாறிவிடுவதற்கு ஒப்பாகும் இது! இவை யாவற்றையும் அளந்து, கழித்து, 2006-இல் நான்கு குழுக்களின் முடிவுகளையும் ஒருங்கே வெளியிட்டனர். பாட்டம் குவார்க்கின் சமச்சீரின்மை 0.0992, பிழை எல்லை 0.0016. நூற்றுக்குப் பத்து என்றோமே, அதுவே.

கோணத்துக்கு வருவோம். இவ்வளவையிலிருந்து கிடைத்த எண் 0.23221; பிழை எல்லை 0.00029. இதே எண்ணை அமெரிக்காவில் ஸ்டான்போர்டில் எஸ்எல்டி குழுவினர் வேறொரு வழியில் அளந்திருந்தனர். அவர்களிடம் இருந்தவை ஏறத்தாழ ஆறு இலட்சம் இசட்டுகளே. ஆனால் எலெக்ட்ரான்களை இடக்கை என்றும் வலக்கை என்றும் முன்கூட்டியே பிரித்து அனுப்பும் வல்லமை இருந்தது. எலெக்ட்ரானின் சாய்வை நேரடியாகவே கண்டனர். அவர்கள் கண்ட எண் 0.23098, பிழை எல்லை 0.00026. உலகிலேயே மிக நுண்ணிய இரண்டு அளவைகள். இரண்டும் ஒன்றையொன்று மறுத்தன. இத்தகைய வேறுபாடு தற்செயலாக நேர்வது ஆயிரத்தில் ஒரு முறையோ இரு முறையோதான்.

இது வெறும் தசமப் புள்ளிச் சண்டையன்று. அப்போது ஹிக்ஸ் துகள் கண்டுபிடிக்கப்படவில்லை. கொள்கையின்படி கோணத்தின் மதிப்பு ஹிக்ஸின் நிறையையும் சிறிது பொறுத்தது. குவார்க்குகளின் எண்ணை நம்பினால் ஹிக்ஸ் மிகக் கனமானது; எஸ்எல்டியின் எண்ணை நம்பினால் அது மிக இலேசானது, லெப்பில் தேடிக் கிடைக்காது என்று ஒதுக்கப்பட்ட எல்லைக்கும் கீழ்ப்பட்டது! இரண்டின் சராசரியை எடுத்தால் மட்டுமே கொள்கை பிழைத்தது. 2012 ஜூலை 4-ஆம் நாள் செர்ன் அறிவித்த ஹிக்ஸ், புரோட்டானைப்போல் ஏறத்தாழ 133 மடங்கு நிறையுடையது; இரு தரப்பாரும் கூறியதற்கு இடைப்பட்டது.

அப்படியானால் பிழை யாருடையது? பாட்டம் குவார்க்கின் வலக்கைப் பகுதியில் மட்டும் நாம் அறியாத ஏதோ ஒன்று புகுந்திருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. ஆனால் பாட்டம் குவார்க்குகள் மொத்தத்தில் எத்தனை பிறக்கின்றன என்ற எண்ணிக்கை கொள்கையோடு நன்கு பொருந்துகிறது. எண்ணிக்கையைக் கலைக்காமல் திசையை மட்டும் கலைக்கும் விருந்தாளியைக் கற்பனை செய்வது கடினமே. இரு தரப்பிலும் தற்செயல் எதிரெதிர்ப் பக்கமாகத் தள்ளியிருக்கலாம் என்பதே எனக்குத் தோன்றுவது. இருப்பினும் அதனை மெய்ப்பிக்கும் சான்று இல்லை. சிகாகோ நகருக்கு அருகில் டெவட்ரான் பொறியில் புரோட்டானையும் எதிர்ப்புரோட்டானையும் மோதவிட்டுப் பெற்ற ஒருங்கிணைந்த முடிவு 2018-இல் வெளிவந்தது: 0.23148. அது இரண்டுக்கும் நடுவில் நின்றது. செர்னின் புதிய பொறியில் சிஎம்எஸ் குழுவினர் 2024-இல் தந்த 0.23157-ம் அப்படியே. நடுவர்கள் நடுவிலேயே நின்றுவிட்டமையால் வழக்கு முடியவில்லை.

லெப் 2000-ஆம் ஆண்டு நவம்பரில் நிறுத்தப்பட்டுப் பிரித்தெடுக்கப்பட்டது. ஹிக்ஸைக் கண்டது அதே சுரங்கத்தில் அமைந்த புதிய பொறியே. எலெக்ட்ரானையும் பாசிட்ரானையும் மீண்டும் மோதவிட ஏறத்தாழ 91 கிலோமீட்டர் சுற்றளவில் வேறொரு வளையம் அமைக்கலாமா என்று ஆராய்ந்த அறிக்கையைச் செர்ன் 2025 மார்ச்சில் வெளியிட்டது. லெப் ஆறு ஆண்டுகளில் சேர்த்த இசட்டுகளை அவ்வளையம் சில நிமிடங்களில் சேர்த்துவிடும் என்பது கணக்கு.